கல்முனைக்குப் பொருந்தும் மச்சை எங்கே இருக்கிறது?

கல்முனைக் கரையோரத்தில் ஒரு பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிய வந்தால் ஊர் முதலில் காசு சேர்க்கும். ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் அறிவிப்பு வரும். விளையாட்டுக் கழகத்துப் பொடியன்கள் உண்டியலோடு கடைத்தெருவில் இறங்குவார்கள். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற மச்சான்மார் வாட்ஸ்அப் குழுமத்தில் ரியாலைக் கூட்டிக் கணக்குப் போடுவார்கள். இது நமக்குப் பழகிய வேலை. 2016ஆம் ஆண்டில் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் புற்றுநோயைக் கண்டறியும் பெட் ஸ்கேனர் வாங்க வேண்டும் என்று கதீஜா பவுண்டேஷன் 20 கோடி ரூபாய் இலக்கோடு இறங்கியபோது, இன மதம் பாராமல் நாடே கொடுத்தது.

ஆனால் என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை என்று வைத்தியர் சொல்லிவிட்டால் காசு பாதி வேலையைத்தான் செய்யும். மற்றப் பாதி, நோயாளிக்குப் பொருந்தும் மச்சையுள்ள ஓர் ஆள். அந்த ஆளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அவர் பெரும்பாலும் நோயாளியின் சொந்த வம்சத்திலோ, அந்த வம்சம் கொண்டு கொடுத்துச் சம்பந்தம் செய்த வட்டத்திலோதான் இருப்பார்.

மச்சையின் வேலை

பெரிய எலும்புகளுக்குள் இருக்கும் மென்மையான இழையமே மச்சை. செங்குழியம், வெண்குழியம், குருதிச் சிறுதட்டு எல்லாவற்றையும் அதிலுள்ள மூலக்கலங்களே உண்டாக்குகின்றன. லியுகேமியா எனும் இரத்தப் புற்றுநோயில் இந்த உற்பத்தி கெட்டுப்போய்க் கோளாறான கலங்கள் பெருகும். அப்லாஸ்டிக் அனீமியாவில் உற்பத்தியே நின்றுபோகும். கடுமையான தலசீமியாவில் செங்குழியம் சரியாக உருவாகாது. அந்த நோயுள்ள பிள்ளை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டும், உடலில் தேங்கும் இரும்பை அகற்ற மருந்து எடுத்துக்கொண்டும் ஆயுள் முழுக்க வாழ வேண்டியிருக்கும். பொருத்தமான மூலக்கலம் கிடைத்தால் இவர்களில் பலரைக் குணப்படுத்தலாம்.

1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டாக்டர் டொனால் தோமஸ், ஒத்த இரட்டையரில் ஒருவரின் மச்சையை லியுகேமியா வந்த மற்றவருக்கு ஏற்றி இந்தச் சிகிச்சைக்கு வழி திறந்தார். 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இலங்கை நோயாளிகள் பலர் தேடிப் போகும் வேலூர் சி.எம்.சி. வைத்தியசாலையில் இது 1986 முதல் நடக்கிறது. இலங்கையிலேயே மஹரகமவிலும் கொழும்பின் தனியார் வைத்தியசாலையிலும் செய்கிறார்கள்.

பொருத்தம் எங்கிருந்து வருகிறது?

பலர் நினைப்பதுபோல இரத்த வகை இங்கே முக்கியமில்லை. ‘ஓ பொசிட்டிவ்’ ஆள் ‘பி பொசிட்டிவ்’ நோயாளிக்குக் கொடுக்கலாம். மாற்றிய பிறகு நோயாளியின் இரத்த வகையே கொடையாளரின் வகையாக மாறிவிடும். பார்க்கப்படுவது எச்.எல்.ஏ. எனப்படும் அடையாளப் புரதங்கள். எது நம் உடலுக்குச் சொந்தம், எது அந்நியம் என்று நிர்ப்பீடனத் தொகுதி இவற்றை வைத்துத்தான் பிரித்தறிகிறது. இவை பொருந்தாவிட்டால் வந்த மச்சை நோயாளியின் தோலையும் ஈரலையும் குடலையும் தாக்கும், அல்லது நோயாளியின் உடல் அதை ஏற்காமல் தள்ளிவிடும்.

நம் பகுதியில் குடி எனும் குலம் உம்மா வழியில் வரும். எச்.எல்.ஏ. அப்படியில்லை, ஒரு பாதி வாப்பாவிடமிருந்தும் மறு பாதி உம்மாவிடமிருந்தும் வரும். ஆகவே கூடப்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த 25 வீத வாய்ப்பே உண்டு. ஏழு காக்கா, தம்பி, ராத்தா, தங்கச்சிமார் இருந்தால் யாராவது ஒருவர் பொருந்தும் வாய்ப்பு 87 வீதமளவு. இரண்டு பேர்தான் என்றால் அது 44 வீதத்துக்கு இறங்கிவிடும். நம் வாப்பாமாரின் காலத்தில் வீடு நிறையப் பிள்ளைகள். இன்றைய வீடுகளில் இரண்டு, மூன்று. குடும்பம் சுருங்கச் சுருங்க, வீட்டுக்கு வெளியே தேட வேண்டிய தேவை கூடுகிறது.

வெளியே தேடும்போதும் பரம்பரையே வழிகாட்டும். எச்.எல்.ஏ. வகைகள் ஆயிரக்கணக்கில் உண்டு; எந்தெந்த வகைகள் சேர்ந்து வரும் என்பது சமூகத்துக்குச் சமூகம் வேறுபடும். மச்சை கொடுக்க முன்வந்தவர்களின் பெயர்களைக் கொண்ட அமெரிக்கத் தேசியப் பதிவேட்டின் கணக்கில் வெள்ளையர் ஒருவர் முழுப் பொருத்தம் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 79 வீதம். ஆசிய வம்சாவளியினருக்கு 47, கறுப்பினத்தவருக்கு 29. ஒரு சமூகத்தின் ஆட்கள் கொடையாளர் பட்டியலில் குறைவாக இருந்தால், அந்தச் சமூகத்தின் நோயாளிக்குக் கிடைப்பதும் குறைவு.

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை மாமி மகனுக்கும் மாமா மகளுக்கும் நிக்காஹ் செய்துவைப்பது புதிதில்லை. சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் சமூகங்களில் சில வேளை வாப்பாவோ, உம்மாவோ, மச்சானோகூட முழுதாகப் பொருந்துவதுண்டு. அதனால் அங்கெல்லாம் வைத்தியர்கள் கூடப்பிறந்தவர்களோடு நிறுத்தாமல் சுற்றுச் சொந்தத்தையும் பரிசோதிப்பார்கள். அதே வழக்கம் தலசீமியா போன்ற பரம்பரை நோய்களின் ஆபத்தைக் கூட்டவும் செய்கிறது. நிக்காஹுக்கு முன் மணமக்கள் இருவரும் இரத்தம் சோதித்துப் பார்ப்பது நல்லது.

முழுப் பொருத்தம் கிடைக்காதவர்களுக்குப் பாதி பொருந்தும் வாப்பா, உம்மா, பிள்ளையிடமிருந்து எடுக்கும் முறை கடந்த சில ஆண்டுகளில் நன்றாக வளர்ந்திருக்கிறது. பலர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். அதற்காக முழுப் பொருத்தத்தின் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

பட்டியல் பிறந்த கதை

1974இல் லண்டனில் ஷெர்லி நோலன் என்ற தாய், அரிய நிர்ப்பீடனக் குறைபாட்டோடு பிறந்த மகன் அந்தோனிக்காக உலகின் முதல் கொடையாளர் பதிவேட்டைத் தொடங்கினார். அந்தோனிக்குப் பொருத்தம் கிடைக்கவேயில்லை. 1979இல் ஏழு வயதில் இறந்தான். அவன் பெயரிலான பதிவேடு இன்றும் இயங்குகிறது. உலகப் பதிவேடுகள் பலவற்றை இணைக்கும் தரவுத்தளத்தில் இப்போது 4 கோடிக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள்.

2007இல் கலிபோர்னியாவில் லியுகேமியா வந்த இரண்டு இந்திய வம்சாவளி இளைஞர்களுக்காக நண்பர்கள் கோயில், கல்லூரி, அலுவலகம் என்று மேசை போட்டார்கள். சில மாதங்களுக்குள் 24,000க்கும் மேற்பட்ட தெற்காசியர்கள் பதிந்தார்கள். இருவருக்கும் கொடையாளர் கிடைத்தும் நோய் திரும்பி, அடுத்த ஆண்டே இருவரும் இறந்தார்கள். ஆனால் அன்று பதிந்தவர்களில் பலர் முகம் தெரியாத வேறு நோயாளிகளுக்குப் பொருந்தினார்கள். நம் சொந்தக்காரப் பிள்ளைக்காகப் பதிகிற பெயர் இன்னொருவர் பிள்ளைக்கு உதவும். இன்னோர் ஊரில் பதிகிற பெயர் நமக்கு உதவும். பதிவேடு இயங்குவது இப்படித்தான்.

எப்படி எடுக்கிறார்கள்?

பதிவது சில நிமிட வேலை. விண்ணப்பம் நிரப்பி, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுப்பீர்கள். சில இடங்களில் சிறிதளவு இரத்தம் எடுப்பார்கள். அதன்பின் அழைப்பு ஆண்டுகள் கழித்து வரலாம், வராமலே போகலாம். வந்தால் மறுபடி பரிசோதித்து, உங்கள் உடல்நிலையை முழுதாகப் பார்ப்பார்கள்.

“முதுகுத்தண்டில ஊசி போட்டா நடக்க ஏலாமப் போயிரும்” என்ற பயம் பரவலாக உண்டு. முதுகுத்தண்டை யாரும் தொடுவதில்லை. பத்தில் ஒன்பது பேரளவில் கைவழியாகவே கொடுக்கிறார்கள். நான்கைந்து நாள் தோலுக்கடியில் ஊசி போட்டு மூலக்கலங்களை இரத்தத்துக்கு வரவழைப்பார்கள். அந்த நாட்களில் உடம்பு உளையும், தலை வலிக்கும். சாதாரண வலிக் குளிசைக்கு அடங்கும். பிறகு ஒரு நாள் சாய்கதிரையில் படுக்க வைத்து, ஒரு கையிலிருந்து இரத்தத்தை இயந்திரத்துக்கு எடுத்து, மூலக்கலங்களைப் பிரித்துக்கொண்டு மற்றக் கை வழியாகத் திருப்பி ஏற்றுவார்கள். நாலு முதல் ஆறு மணிநேரம் எடுக்கும். ஊசி ஏறிய கையை மடக்க முடியாது. மூக்குக் கடித்தாலும் யாராவது சொறிந்துவிட வேண்டும். இரத்தம் உறையாமல் சேர்க்கும் மருந்தினால் உதடு விறுவிறுக்கும். தாதியிடம் சொன்னால் கல்சியம் தருவார். அதற்குமேல் பெரும்பாலும் ஒன்றுமில்லை.

மற்றவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து ஊசியால் மச்சையை உறிஞ்சுவார்கள். சில நாட்கள் இடுப்பு வலிக்கும். எடுத்த மச்சை நாலு முதல் ஆறு வாரத்தில் திரும்ப ஊறிவிடும். இரண்டு முறையிலும் பாரதூரமான சிக்கல் மிக அரிது. பிள்ளை பெறும் ஆற்றலை இது பாதிப்பதில்லை. கர்ப்பிணிகளை மட்டும் தள்ளிவைப்பார்கள்.

நோயாளியின் பக்கத்தில் சத்திரசிகிச்சை எதுவும் கிடையாது. பை கம்பியில் தொங்கும், சேலைன்போல் இறங்கும். உள்ளே போன மூலக்கலங்கள் தாமாகவே எலும்பைத் தேடிப் போய்க் குடியேறி, இரண்டு முதல் நான்கு வாரத்தில் புதுக் கலங்களைத் தர ஆரம்பிக்கும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

1988 பெப்ரவரியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி தனது 26ஆவது தீர்மானத்தில், தானாக மீண்டும் உருவாகும் இரத்தம், தோல் போன்றவற்றை ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பது கூடும் என்றது. கொடுப்பவர் தீர்மானிக்கும் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும், ஷரீஅத்தின் நிபந்தனைகள் பேணப்பட வேண்டும் என்பதும் அதில் உண்டு. மச்சையும் மீண்டும் உருவாவதுதான். ஓர் உயிரை வாழவைப்பதன் மதிப்பை அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தைக் கொண்டு நம் ஆலிம்கள் எத்தனையோ குத்பாக்களில் விளக்கியிருக்கிறார்கள். ஒரு ஜும்ஆவை இதற்கு ஒதுக்கினால், பத்து சுவரொட்டி செய்யாததைச் செய்யும்.

பின்வாங்கும் நேரம்

விற்பதற்கும் வாங்குவதற்கும் இதில் இடமில்லை. யாருக்குப் போகிறது என்பதும் ஆரம்பத்தில் சொல்லப்படாது. கொடையாளர் எந்தக் கட்டத்திலும் மறுக்கலாம். ஆனால் மாற்றுவதற்குச் சில நாட்களுக்கு முன், கடும் மருந்தால் நோயாளியின் சொந்த மச்சையை அழித்துவிடுவார்கள். அதன்பின் கொடையாளர் வரவில்லையென்றால் நோயாளி பிழைப்பது அரிது.

அழைக்கும்போது தொடர்பு கிடைக்காமல் போவதும், கிடைத்தாலும் மறுப்பதும் பதிவேடுகளின் பெருந்தலையிடி. சிறுபான்மைச் சமூகங்களில் இது கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. நம் ஊரில் காரணம் ஊகிக்கக் கஷ்டமில்லை. மகன் சம்மதிப்பான், உம்மா விடமாட்டா. மகளென்றால் “நாளைக்குக் கலியாணம் பேச வேணும், ஏன் இந்த வேலை” என்று மாமிமார் சொல்வார்கள். ஆகவே பெயர் கொடுக்கும் முன்னரே வீட்டில் பேசிவிட வேண்டும். மனம் ஒப்பாதவர் பதியாமல் இருப்பதே நோயாளிக்குச் செய்யும் உபகாரம்.

எங்கே தொடங்குவது?

கல்முனையில் இருப்பவர்கள் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலோ இரத்த வங்கியில் விசாரியுங்கள். எச்.எல்.ஏ. பரிசோதனைக்கூடம் நாரஹேன்பிட்டி தேசிய இரத்த நிலையத்தில் உண்டு. குடும்பத்தில் நோயாளி இருந்தால் சிகிச்சையளிக்கும் வைத்தியரே கூடப்பிறந்தவர்களின் பரிசோதனைக்கு வழி சொல்வார். 18 முதல் 35 வயதுவரையானோரின் மூலக்கலங்களைத்தான் வைத்தியர்கள் அதிகம் விரும்புகிறார்கள்; ஒலுவில் பல்கலைக்கழகத்திலும் சாய்ந்தமருது, நிந்தவூர் கழகங்களிலும் இரத்ததான முகாம் நடத்துகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசலாம்.

வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு வழி இன்னும் இலகு. பிரித்தானியாவில் அந்தோனி நோலன் பதிவேடு 16 முதல் 30 வயதுவரை சேர்க்கிறது. கனடாவில் 17 முதல் 35, அவுஸ்திரேலியாவில் 18 முதல் 35. சவூதியில் 2011 முதல் மூலக்கலக் கொடையாளர் பதிவேடு இருக்கிறது. கல்முனைக்குடி வம்சத்துப் பொடியன் ஒருவன் லண்டனில் பதிந்தால், மஹரகமவில் படுத்திருக்கும் பிள்ளைக்காகத் தேடும்போதும் அவன் பெயர் வரலாம்.

பதிந்தபின் செய்ய வேண்டியது ஒன்றுதான். நாடு மாறி, சிம் மாறினால் புதிய இலக்கத்தைப் பதிவேட்டுக்கு அறிவியுங்கள். ஏழாண்டு கழித்து வரும் அழைப்பு பழைய இலக்கத்துக்குப் போனால், பதிந்ததும் பதியாததும் ஒன்றே.