பழைய காருக்கு வேறு என்ஜின்: "மூளை"யையும் மாற்ற வேண்டும்!

அம்பாசிடர் கார் உற்பத்தி 2014-ம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆனாலும் பெங்களூரில் சில வீட்டு வாசல்களில் அந்தக் கார்களை இன்றும் பார்க்கலாம். பாடி கல்லு மாதிரி இருக்கும். என்ஜின்தான் ஓய்ந்து போயிருக்கும்.

அந்த 1489 சி.சி. என்ஜினை இறக்கிவிட்டு, அதே கம்பெனி பின்னாளில் வைத்த இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜினைக் கியர் பாக்சோடு ஏற்றலாமே என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். ஏற்றுவது பெரிய காரியம் அல்ல. தலைவலி அதற்குப் பிறகுதான்.

கார்ப்பரேட்டர் என்ஜினுக்கு நாலு ஒயரைக் கொடுத்தால் ஓடும். பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கும் எம்.பி.எப்.ஐ. என்ஜின் அப்படி ஓடாது. எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று சொல்ல ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வேண்டும். இ.சி.யூ. என்பது இதைத்தான்.

குஜிரிக் கடையில் என்ஜின் கிடைக்கும், பெட்டி கிடைக்காது. கிடைத்தாலும் ஒயர்களை வெட்டி எடுத்திருப்பார்கள். அதனால் நாமே கணக்கு ஏற்றிக்கொள்ளும் தனிப் பெட்டியை வாங்குகிறார்கள். அமெரிக்காவில் பவுலிங், கிரிப்போ என்ற இருவர் 2001-ல் கொண்டுவந்த "மெகாஸ்குவர்ட்" இந்த வகையில் பெயர் பெற்றது. ஈயம் பற்றவைத்து நாமே பூட்டிக்கொள்ளும் பெட்டி அது!

ஒரு பல் குறைந்த சக்கரம்

பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பது பெட்டிக்கு எப்படித் தெரியும்? கிராங்க் புல்லியில் ஒரு பற்சக்கரம் மாட்டுவார்கள். 36 பல் இருக்க வேண்டிய இடத்தில் 35 தான் இருக்கும். ஒரு பல்லுக்கு 10 டிகிரி. அந்தக் காலி இடம் சென்சாரைத் தாண்டும்போது, பெட்டி அங்கிருந்து எண்ணத் தொடங்கும்.

காலி இடத்துக்கும் பிஸ்டன் உச்சிக்கும் உள்ள தூரத்தைப் பெட்டியில் தவறாக எழுதினால் தீப்பொறி முன்கூட்டியே விழும். என்ஜின் தட்டும். அப்படியே ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

இங்கேதான் பழைய மெக்கானிக் தேவைப்படுகிறார். லேப்டாப்பில் டைமிங்கை 10 டிகிரியில் நிறுத்திவிட்டு, புல்லிக் குறியின் மேல் டைமிங் லைட்டை அடித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகும் வரை வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்பும் பையனைவிட, டைமிங் லைட் பிடித்த கை எனக்கு மேலாகத் தெரிகிறது.

தீ ஜாக்கிரதை

கார்ப்பரேட்டருக்குப் பெட்ரோல் மெதுவாக வந்தால் போதும். இஞ்செக்டருக்கு ஏறக்குறைய 3 பார் அழுத்தம் வேண்டும். பத்து மடங்குக்கு மேல்! பழைய ரப்பர் குழாய் அதைத் தாங்காது. வெடித்தால் பெட்ரோல் சூடான சைலன்சர் குழாயின் மேல் கொட்டும். அழுத்தம் தாங்கும் குழாய், சரியான கிளிப், மிச்சப் பெட்ரோல் டாங்கிக்குத் திரும்ப ஒரு பாதை, இவற்றில் சிக்கனம் பார்க்கக் கூடாது. என்ஜின் நின்றதும் பம்பும் நிற்கும்படி ரிலேயைப் பெட்டியோடு இணைக்க வேண்டும்.

"பெட்டி ரிப்பேர்" என்று திரும்பி வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது எர்த். பெட்டியின் எர்த் நேராக என்ஜின் பிளாக்கில் இருக்க வேண்டும். சென்சார்களின் எர்த் பாடிக்குப் போகாமல் பெட்டிக்கே வர வேண்டும். பிளக்கும் ரெசிஸ்டர் உள்ளதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அதன் இரைச்சல் பெட்டியைக் குழப்பும். டைனமோ உள்ள பழைய வண்டியானால் ஆல்டர்னேட்டர் போட்டே ஆக வேண்டும்.

பிறகு பெட்ரோல் கணக்கு. சாதாரண ஓட்டத்துக்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. மேட்டில் முழு ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது 13-க்குக் கீழே இறக்க வேண்டும். அங்கே பெட்ரோலை மிச்சம் பிடித்தால் வால்வு கருகும். சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் சென்சார் இல்லாமல் இதைச் சரிபார்க்க வழியே இல்லை.

ஆர்.டி.ஓ. அனுமதி

கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. ஆர்.சி.யில் ஒரு என்ஜின் நம்பரும் வண்டியில் வேறு நம்பரும் இருந்தால், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் பணத்துக்கு வம்பு வரும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்கிய பிறகே ஸ்பானரைக் கையில் எடுங்கள். என்ஜின் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஆர்.சி.யில் புது நம்பர் ஏறும் வரை பழைய என்ஜினையும் விற்றுவிடாதீர்கள்.