கடைசி பெஞ்சுக்கு வரும் டெல்லிப் பணம்

ராயகிரியில் அரசுப் பள்ளி எப்படி நடக்கிறது என்று கேட்டால், "கவர்மெண்டு பணம் தருது" என்பார்கள். எந்தக் கவர்மெண்டு என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. 2024-ல் டெல்லியிலிருந்து வரவேண்டிய தவணை நின்றுபோனபோதுதான் அந்தக் கேள்வி ஊர்ப் பேச்சுக்கே வந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம், சிவகிரியை அடுத்த பேரூராட்சி இது. சங்கரன்கோவில் வட்டாரத்தோடு சேர்த்தே பேசப்பட்ட ஊர். 2019 நவம்பரில் திருநெல்வேலி மாவட்டம் பிரிந்ததும் தென்காசி மாவட்டத்துக்குள் வந்துவிட்டது. இங்குள்ள அரசுப் பள்ளி ஆசிரியர்களின் சம்பளம், பிள்ளைகளின் பாடப்புத்தகம், சீருடை, காலை உணவு ஆகியவற்றில் பெரும்பகுதியை மாநிலக் கருவூலமே சுமக்கிறது. ஒன்றிய அரசின் பங்கு வருவதற்கு வேறொரு வாய்க்கால் உண்டு. அதன் பெயர் 'சமக்ர சிக்ஷா'. எஸ்.எஸ்.ஏ. என்று ஊரெல்லாம் அறிந்த அனைவருக்கும் கல்வி இயக்கத்தையும் வேறு இரண்டு திட்டங்களையும் இணைத்து 2018-ல் தொடங்கப்பட்டது. நூறு ரூபாய் செலவென்றால் 60 ரூபாய் டெல்லி, 40 ரூபாய் சென்னை.

அந்தப் பணம் போய்ச் சேரும் இடங்களைப் பார்த்தால்தான் அதன் அருமை புரியும். நடக்க முடியாத பிள்ளைக்கு வட்டார வள மையத்தில் பிசியோதெரபி, பள்ளிக்கே வர இயலாத பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பாடம் சொல்லும் சிறப்புப் பயிற்றுநர், காது கேட்கும் கருவி, சக்கர நாற்காலி. மாற்றுத்திறன் கொண்ட மாணவிக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு உதவித்தொகை. பக்கத்தில் பள்ளி இல்லாத குக்கிராமத்துப் பிள்ளைக்கு வண்டிச் செலவு. செங்கல் சூளைக்குப் பெற்றோருடன் போய்ப் படிப்பு விட்டுப்போன பிள்ளைகளுக்குச் சிறப்புப் பயிற்சி மையம். சாக்பீஸ், குழாய் ரிப்பேர், பல்பு வாங்க ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மானியம். 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், 100 வரை என்றால் 25,000.

தீப்பெட்டித் தொழில் பரவிய இந்தப் பகுதிக்கு இதெல்லாம் புதிதல்ல. சிவகாசியிலும் சுற்றுவட்டாரத்திலும் தீப்பெட்டி ஒட்டப்போன பிள்ளைகளை மீட்டுப் படிக்கவைக்க, தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் 1980-களின் கடைசியிலிருந்து நடந்தன. அதுவும் ஒன்றிய அரசுப் பணம். 2021 ஏப்ரலில் அந்தத் திட்டம் சமக்ர சிக்ஷாவோடு சேர்க்கப்பட்டது. ஆக, வேலைக்குப் போன பிள்ளையைத் திரும்ப வகுப்பில் உட்காரவைக்கும் பொறுப்பும் இந்த ஒரே வாய்க்காலை நம்பித்தான் இருக்கிறது.

இந்த வாய்க்கால்தான் அடைபட்டது. 2022-ல் அறிவிக்கப்பட்ட பி.எம்.ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தேசியக் கல்விக் கொள்கையை முழுதாக ஏற்கவேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. கையெழுத்திடத் தயார் என்று 2024 மார்ச்சில் எழுதிய தமிழ்நாடு அரசு, பிறகு அந்த வரியை நீக்கிவிட்டுத் திருத்திய ஒப்பந்தத்தை அனுப்பியது. டெல்லி ஏற்கவில்லை. அந்தக் கொள்கையிலுள்ள மும்மொழிப் பாடம் வேண்டாம் என்பது சென்னையின் நிலை. கையெழுத்து இல்லாமல் பணம் இல்லை என்பது ஒன்றியக் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதானின் நிலை. 2024-25-க்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் வரவில்லை. 2025 மே மாதம் மாநில அரசு, வட்டியோடு 2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சுமார் 44 லட்சம் மாணவர்கள் பாதிக்கப்படுவதாக மனுவில் சொன்னது.

கொள்கைச் சண்டை நியாயமானதுதான், நடக்கட்டும். ஆனால் பணம் நின்றாலும் ராயகிரியில் காலை மணி அடிக்கும், வாத்தியார் வருவார். முதலில் ஆட்டம் காண்பது பிசியோதெரபியும் வண்டிச் செலவும்தான். யாருக்குக் குரல் குறைவோ அவர்கள் பங்குதான் பணயம் வைக்கப்பட்டது.

கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ.) தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் தரும் சேர்க்கையிலும் இதே கதை. வழக்கமாக ஏப்ரலில் தொடங்கும் விண்ணப்பம் 2025-ல் தொடங்கவில்லை. இந்தச் சேர்க்கைக்கு ஒன்றிய அரசு தரவேண்டிய பங்கைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் சொன்னது. டெல்லி பணம் தரவில்லை என்று மாநிலமும் கைகழுவ முடியாது என்றது. சேர்க்கை நடந்ததோ அக்டோபரில். அதற்குள் பள்ளி திறந்து நாலு மாதத்துக்கு மேல் ஓடியிருந்தது.

இந்தப் பணத்தை வேறு விதமாகவும் பங்கிடலாம் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கும் பள்ளி என்பது மாநிலங்களின் வேலைதான். 1965 ஏப்ரலில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம், ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு 'டைட்டில் ஒன்' என்ற பெயரில் கூடுதல் பணம் தருகிறது. இளம் வயதில் டெக்சாஸில் ஏழை மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் அவர். ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்தே பங்கு கணக்கிடப்படுகிறது. உள்ளூர் செலவைக் குறைத்துக்கொண்டு இந்தப் பணத்தில் ஈடுகட்டக் கூடாது என்றும் விதி உண்டு. அங்கும் நிதி அரசியல் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த எண்ணிக்கைக் கணக்கு நமக்கும் வேண்டும்.

வழக்கு எப்படிப் போனாலும் பெற்றோர் கையில் ஒரு வழி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். வந்த மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது அந்தக் குழுவின் வேலை. உங்கள் ஊர்ப் பள்ளியில் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். போய், இந்த ஆண்டு மானியம் வந்ததா, சிறப்புப் பயிற்றுநர் எத்தனை நாள் வந்தார் என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.