கடைக் களவும் சட்டவாக்கமும்

களவு என்பது வறுமையாலோ பேராசையாலோ தனியொருவன் புரியும் குற்றம் என்றே பெரும்பாலும் கருதப்படுகின்றது. ஆயின், கூட்டமாகத் திட்டமிட்டுக் கடைப் பொருள்களைக் கவர்தல் ஒரு வாணிகமே ஆகும். எடுப்போன், சேர்ப்போன், விற்போன் என்னும் தொழிற்பிரிவு அதற்கும் உண்டு. அதனை ஒடுக்க எழுந்த சட்டங்கள் இருவேறு வழிகளிற் சென்றுள்ளன.

முதலாவது வழி தண்டனையின் கடுமையை நம்பியது. ஐந்து சிலிங் அல்லது அதற்கு மேற்பட்ட பெறுமதியுள்ள பொருளைக் கடையிலிருந்து மறைவாகத் திருடியோர்க்கு, 1699 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் மரணதண்டனை விதித்தது. விளைந்தது யாது? அற்பப் பொருளுக்காக ஓர் உயிரை மாய்க்க மனம் ஒவ்வாத யூரிமார், பொருளின் பெறுமதியை ஐந்து சிலிங்கிற் குறைத்து மதித்தனர். வணிகருட் பலர் வழக்குத் தொடரவே தயங்கினர். இத்தண்டனையை நீக்கச் சேர் சாமுவேல் ரொமிலி கொணர்ந்த மசோதாவை 1810 இல் பிரபுக்கள் சபை நிராகரித்தது. பத்தாண்டு கடந்த பின்னரே அது முற்றாக ஒழிந்தது.

இரண்டாவது வழி, களவுப் பொருள் பணமாக மாறும் இடத்தை நோக்கியது. இலண்டனிலே யொனதன் வைல்ட் என்பான் கள்வரைப் பிடிப்போனாக வெளியில் நடித்து, உள்ளே கள்வர் கூட்டத்தை நடத்தினான். களவுபோன பொருளை உடையவர்க்கே மீட்டுக்கொடுத்து வெகுமதியும் பெற்றான். கள்வனைச் சட்டத்தின்முன் நிறுத்தாது இவ்வாறு வெகுமதி பெறுதலை 1718 ஆம் ஆண்டின் சட்டம் பெருங்குற்றமாக்கியது. கடையொன்றில் லேஸ் திருடிய வழக்கில், களவுக் குற்றத்தினின்று வைல்ட் விடுதலை பெற்றான். வெகுமதி பெற்ற குற்றத்துக்காகவே 1725 இல் தூக்கிலிடப்பட்டான்.

இவ்விரு வழிகளையும் இன்றைய அமெரிக்காவிலும் காணலாம். கலிபோர்ணியாவில் 2014 இன் வாக்கெடுப்பு, 950 டொலருக்கு மேற்படாத களவைச் சிறு குற்றமாக்கியது. விற்கும் நோக்குடன் கூடித் திருடுதலையும், அதற்கு ஆள் சேர்த்தலையும் ஒருங்கமைத்தலையும் 2018 இன் சட்டம் தனிக்குற்றமாக வகுத்தது. 2024 இன் வாக்கெடுப்போ, களவுக்காக முன்னர் இருமுறை தண்டிக்கப்பட்டோன் மீண்டும் திருடின், பெறுமதி சிறிதாயினும் பெருங்குற்றமாகக் கொள்ள இடமளித்தது.

விற்குமிடத்தை நோக்கியது, 2023 யூன் 27 இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம். 12 மாதத்துள் 200 விற்பனைகளையும் 5,000 டொலர் வருவாயையும் எட்டும் விற்பனையாளரின் வங்கிக் கணக்கு, வரி இலக்கம் முதலியவற்றை இணையச் சந்தைகள் பெற்றுச் சரிபார்த்தல் வேண்டும் என அது விதித்தது. நேர்மையான சிறு வணிகர்க்கும் இது ஒரு சுமையே; எனினும் உயிரைப் பறிக்கும் சுமையன்று.

கடையிற் பிடிபடுவோன் பெரும்பாலும் கூட்டத்தின் கடைசி ஆள். ஆதாயம் பெறுவோன் அங்கு வருவதில்லை. பசியால் ஒரு பொருளை எடுத்தவனையும், பலரை ஏவிப் பொருள் ஈட்டுபவனையும் பிரித்தறியாத சட்டம், எளியவனை வருத்தி வலியவனைத் தப்பவிடும். தண்டனையின் அளவினும், அது யார்மேற் சென்று விழுகின்றது என்பதே சட்டவாக்கத்தின் உரைகல்லாகும்.