ஜீப்பில் அப்பா, நடையில் அம்மா

1968 மார்ச் 25. சீனாவின் செங்டு நகரத்தில் ஒரு பெண்ணுக்கு அன்று பதினாறு வயது நிறைந்தது. படுக்கையில் கிடந்தபடி தன் முதல் கவிதையை எழுதினாள். வாசலில் கதவை இடிக்கும் சத்தம். வீட்டைச் சோதனை போட ஆட்கள் வந்துவிட்டார்கள். எழுந்து கழிப்பறைக்கு ஓடியவள், தாளைக் கிழித்துப் போட்டுத் தண்ணீரில் தள்ளிவிட்டாள். சீனத் தலைவர் மாவோ நடத்திய கலாசாரப் புரட்சியின் உச்சக்கட்டம் அது. வீட்டில் கவிதை அகப்பட்டால் குடும்பத்துக்கே ஆபத்து.

அந்தப் பெண் யுங் சாங். பாட்டி, அம்மா, தான் என்று மூன்று தலைமுறையின் கதையாக 1991-இல் அவர் எழுதிய ‘வைல்ட் ஸ்வான்ஸ்’, உலகம் முழுக்க ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. சீனாவில் மட்டும் தடை.

பாட்டிக்கு இரண்டு வயதிலேயே பாதங்களை மடக்கிக் கட்டிவிட்டார்கள். பதினைந்து வயதில், பெற்ற தகப்பனே பதவிக்கு ஆசைப்பட்டு ஒரு படைத்தளபதிக்கு வைப்பாகக் கொடுத்தார். தளபதி ஒரு வாரம் தங்கிவிட்டுப் போனவர், ஆறு வருடம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. இதை மட்டும் வைத்தே ஒரு நாவல் எழுதிவிடலாம். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அம்மாவின் பகுதிதான், அதிலும் அந்த ஜீப்.

1949. கம்யூனிஸ்டுகள் வென்றுவிட்டார்கள். புதிதாகக் கல்யாணமான இருவரும் வடகிழக்கிலிருந்து, கணவரின் சொந்த ஊர்ப் பக்கமான சிச்சுவானுக்குப் புறப்படுகிறார்கள். கணவர் வாங் யூ கட்சியில் மூத்த அதிகாரி. அவர் பதவிக்கு ஜீப் உண்டு. மனைவிக்கு அந்தத் தகுதி கிடையாது. படுக்கைச் சுருளை முதுகில் கட்டிக்கொண்டு மற்றவர்களோடு நடக்க வேண்டியதுதான். வழியெல்லாம் வாந்தி. “சொகுசுக்காரி, பூர்ஷ்வா புத்தி” என்று கூட வந்தவர்கள் குத்திக் காட்டினார்கள். ‘ஏறிக்கொள்’ என்று கணவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தன் பெண்டாட்டிக்குச் சலுகை காட்டினால் பழைய ஆட்சிக்காரர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்பது அவர் வாதம். நான்ஜிங் வந்து சேர்ந்தபோது கரு கலைந்துவிட்டது. தான் கர்ப்பமாக இருந்ததே அதுவரை அவருக்குத் தெரியாது. விவாகரத்து வேண்டும் என்றார். கணவர் மன்னிப்புக் கேட்டார்.

வரலாற்றுப் புத்தகத்தில் இதற்கு என்ன இடம்? ‘கட்சி ஊழியர்கள் கடும் ஒழுங்கைக் கடைப்பிடித்தனர்’ என்று ஒரு வரி வரும். அந்த ஒழுங்குக்கு யார் உடம்பு விலை கொடுத்தது என்பதை மனைவி சொல்லி, மகள் எழுதினால்தான் உண்டு.

அதே மனிதரின் அதே வளையாத குணம், பதினெட்டு வருடம் கழித்து வேறு முகம் காட்டுகிறது. சிச்சுவானில் புதிதாக அதிகாரம் பெற்ற கும்பலுக்கு ஒத்துப்போயிருந்தால் அவர் தப்பித்திருப்பார். மாட்டேன் என்றார். மாவோவுக்கே கடிதம் எழுதினார். கைதானார், மனநிலை பிறழ்ந்தது, பின்பு தொலைதூர முகாமுக்கு அனுப்பப்பட்டார். அதற்கு முன் ஒரு நாள், ஆசை ஆசையாகச் சேர்த்த புத்தகங்களைச் சமையலறைத் தொட்டியில் போட்டு அவரே கொளுத்தினார். அப்பா அழுது மகள் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. மனைவியையும் விடவில்லை. கண்டனக் கூட்டங்களுக்கு இழுத்துப் போய் நிறுத்தினார்கள், கண்ணாடிச் சில்லுகள்மேல் மண்டியிட வைத்தார்கள். கணவரைக் கைவிடச் சொல்லி நெருக்கினார்கள். ஜீப்பில் தன்னை ஏற்றிக்கொள்ளாத அந்த மனிதரை அவர் கைவிடவில்லை.

அப்பாவைத் தியாகியாக்கிக் கும்பிட்டிருக்கலாம், அல்லது கல்நெஞ்சர் என்று கழித்துக்கட்டியிருக்கலாம். யுங் சாங் இரண்டையும் செய்யவில்லை. தன்னையும் அவர் தப்பவிடவில்லை. பதினான்கு வயதில் மாவோவின் மாணவர் படையான செங்காவலரில் சேர்ந்தது, மாவோவைத் தரிசிக்க பெய்ஜிங் வரை போனது, எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. 1976-இல் மாவோ இறந்த செய்தி வந்தபோது கண்ணீர் வரவில்லை. முன்னால் நின்ற பெண்ணின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்முவதுபோல் நடித்ததையும் சொல்கிறார். 2005-இல் கணவர் ஜான் ஹாலிடேயோடு சேர்ந்து அவர் எழுதிய மாவோ வாழ்க்கை வரலாற்றில் இந்தத் தன்சோதனைக்கு இடமில்லை. அதன் ஆதாரங்களை வரலாற்றாசிரியர்கள் பலர் கேள்வி கேட்டார்கள். அதில் அவர் வழக்கு நடத்தும் வக்கீல் மட்டும்தான்; இதிலோ கூண்டில் ஏறி நிற்கும் சாட்சியும் அவரே.

அப்பா 1975-இல் இறந்தார். அன்றைய சீனாவில், இறுதிச் சடங்கில் கட்சி சார்பில் படித்த அஞ்சலி உரை வெறும் சம்பிரதாயம் அல்ல. இறந்தவர் நல்லவரா, கெட்டவரா என்ற கட்சியின் தீர்ப்பே அதுதான். பிள்ளைகளின் படிப்பு, வேலை எல்லாம் அதில் தொங்கின. முதலில் எழுதிவந்த உரையில் அவரைக் குறை சொல்லும் வாசகம் இருந்தது. அம்மா விடாமல் மல்லுக்கட்டி அதை எடுக்க வைத்தார்.

மூன்று வருடம் கழித்து மகள் படிப்பதற்காகப் பிரிட்டன் போனார். 1988-இல் அம்மா லண்டனுக்கு மகளைப் பார்க்க வந்தார். அதுவரை வாய் திறந்து சொல்லாத கதையையெல்லாம் அங்கே சொல்ல ஆரம்பித்தார். மகள் வேலைக்குப் போன நேரத்திலும் நிறுத்தவில்லை. டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு தனியாகப் பேசிப் பதிவு செய்தார். கிளம்பும்போது அறுபது மணி நேரப் பேச்சு சேர்ந்திருந்தது.