2 ஸ்டார் கொடுக்கறதுக்கு முன்னாடி: கதைப் புத்தகத்தைத் தேடறதும் விமர்சிக்கிறதும்

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு ரெண்டு கேள்வி. அடுத்து எந்தக் கதைப் புத்தகத்தைப் படிக்கலாம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? படிச்ச புத்தகத்தைப் பத்தி இன்னொருத்தருக்குப் பயன்படற மாதிரி எப்படி எழுதறது? ரெண்டும் தனித்தனி விஷயம் மாதிரி தெரியும். ஆனா தமிழ்ல படிக்கிறவங்களுக்கு முதல் கேள்விக்கான பதில், ரெண்டாவது கேள்விக்கு நாம என்ன செய்யறோம்கிறதைப் பொறுத்துதான் இருக்கு.

முதல்ல ஸ்டார் கணக்கைப் பார்த்துடலாம். நம்மில் பாதிப் பேர் புத்தகம் தேடறது குட்ரீட்ஸ்ல, இல்லைன்னா அமேசான்ல. குட்ரீட்ஸ் 2007-ல ஆரம்பிச்சு, 2013-ல அமேசான் கைக்குப் போச்சு, அதனால ரெண்டும் ஒரே வீடுதான். குட்ரீட்ஸ்ல ஸ்டார் மேல விரலை வச்சா அதுக்கு ஒரு அர்த்தம் காட்டும். 2 ஸ்டார்னா அங்க அர்த்தம் "பரவாயில்லை". 3 ஸ்டார்னா "பிடிச்சிருந்தது". நம்ம ஆளுங்க 2 ஸ்டாரைப் பார்த்ததும் ஃபெயில்னு நினைச்சுக்கிறாங்க. 5-க்கு 2-ன்னா 100-க்கு 40. நம்ம ஸ்டேட் போர்டுலயே அது பாஸ் மார்க்குதான்!

சரி, விளையாட்டு போதும். ஒரு தமிழ் நாவலுக்கு மொத்தம் 3 பேர் ரேட்டிங் போட்டிருக்காங்க, மூணும் 5 ஸ்டார்னு வச்சுக்கோங்க. நாலாவதா ஒருத்தர் வந்து 1 ஸ்டார் போடறார். சராசரி 5-ல இருந்து 4-க்கு இறங்கிடும். அதே ஆள் 3,000 பேர் ரேட்டிங் போட்ட, சராசரி 4.2 இருக்கிற ஒரு ஆங்கில நாவலுக்கு 1 ஸ்டார் போட்டா, சராசரி குறையறது ஏறக்குறைய 0.001. திரையில எந்த மாற்றமும் தெரியாது. ஒரே கோபம்தான். ஒரு இடத்துல அது புத்தகத்தைக் கவிழ்க்குது, இன்னொரு இடத்துல கொசு கடிச்ச மாதிரி.

பரிந்துரை அல்காரிதம் கதையும் இதேதான். இதுல பழைய, பிரபலமான முறை என்னன்னா, உங்களை மாதிரியே ரேட்டிங் போட்ட வேற ஆட்களைத் தேடி, அவங்களுக்குப் பிடிச்சு நீங்க இன்னும் படிக்காததை உங்க முன்னாடி வைக்கிறது. கதைக்குள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியவே வேண்டாம், யார் எதுக்கு எத்தனை ஸ்டார் போட்டாங்கங்கிற பெரிய அட்டவணை போதும். நெட்ஃப்ளிக்ஸ் 2006-ல ஒரு போட்டி வச்சது. தங்களோட கணிப்பை 10 சதவீதம் துல்லியமாக்கினா 10 லட்சம் டாலர் பரிசு. போட்டியாளர்களுக்குக் கொடுத்த தரவுல ஏறக்குறைய 10 கோடி ரேட்டிங் இருந்தது. அவ்வளவு இருந்தும் அந்த 10 சதவீதத்தைத் தொட 2009 ஆச்சு. 2017-ல நெட்ஃப்ளிக்ஸ் ஸ்டாரையே தூக்கிட்டு கட்டைவிரலுக்கு மாறிடுச்சு.

10 கோடிக்கே அந்த நிலைமை. நம்ம ஊர்ல ஒரு நல்ல நாவல் பத்து, இருபது ரேட்டிங்கோட உட்கார்ந்திருக்கும். அதுலயும் தலைப்பு தமிழ் எழுத்துல ஒரு பதிவு, ஆங்கில எழுத்துல இன்னொரு பதிவுன்னு பிரிஞ்சு கிடந்தா, இருக்கிற கொஞ்சமும் பாதியாயிடும். அல்காரிதத்துக்கு அந்தப் புத்தகம் கிட்டத்தட்ட இல்லாத மாதிரிதான். அதனால அது பாதுகாப்பா, ஏற்கெனவே எல்லாரும் படிச்ச "பொன்னியின் செல்வன்"ஐயே திரும்பத் திரும்பக் காட்டும். இதுல சதியெல்லாம் எதுவும் இல்லை. தரவு இல்லாத இடத்துல அந்தக் கணக்கு அப்படித்தான் முடியும்.

எண்ணிக்கை போதாத இந்த மாதிரி இடத்துலதான் வார்த்தைக்கு மதிப்பு. 10 பேர் போட்ட ஸ்டாரை விட, ஒரே ஒருத்தர் ஒழுங்கா எழுதின 6 வரி உங்களுக்கு அதிகம் சொல்லும். ஒழுங்கா எழுதறதுன்னா என்ன?

என்னைக் கேட்டா, முதல்ல பார்க்க வேண்டியது இந்தப் புத்தகம் என்ன வாக்குக் கொடுத்துதுங்கிறதை. பிடிச்சுதா, பிடிக்கலையாங்கிறது அதுக்கு அப்புறம். ஒவ்வொரு ஜானரும் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்குது. தயிர்சாதத்துல காரமே இல்லைன்னு குறை எழுதினா, அந்தக் குறை தயிர்சாதத்தைப் பத்தினது இல்லையே.

துப்பறியும் கதையில இந்த வாக்கைச் சட்டமாவே எழுதி வச்சாங்க. 1929-ல ரொனால்ட் நாக்ஸ்னு ஒரு பாதிரியார், அவரே துப்பறியும் கதை எழுதறவர், 10 விதிகள் போட்டார். குற்றவாளி கதையோட ஆரம்பப் பகுதியிலயே வந்திருக்கணும், பேய் பிசாசைக் காரணம் காட்டக் கூடாது, துப்பறிவாளருக்குக் கிடைக்கிற துப்பை வாசகர்கிட்ட மறைக்கக் கூடாது. இப்படிப் போகும். மொத்தத்துல அந்த வகைக் கதை, "உனக்கும் எனக்கும் சமமான ஆட்டம்"னு வாக்குக் கொடுக்குது. அந்தக் கதையில கடைசி அத்தியாயத்துல புதுசா ஒரு ஆள் வந்து நின்னு நான்தான் கொலை செஞ்சேன்னா, நீங்க தாராளமா கோபப்படலாம்.

இந்த அளவுகோலை அப்படியே தூக்கிட்டு வந்து ராஜேஷ்குமார் நாவல் மேல வச்சீங்கன்னா தப்பா அளக்கறீங்க. 1,500-க்கும் மேல நாவல் எழுதினவர். அவர் கொடுக்கிற வாக்கு வேகம். சின்னச் சின்ன அத்தியாயங்கள், ரெண்டு தனித்தனித் தடங்கள் மாறி மாறி ஓடும், இது எதுக்கு, அது எதுக்குன்னு புரியாம நீங்க புரட்டிக்கிட்டே இருப்பீங்க, கடைசியில ரெண்டும் ஒரு முடிச்சுல சேரும். பஸ் ஸ்டாண்டு கடையில வாங்கி, கோயம்புத்தூர்ல ஏறி, சேலம் வர்றதுக்குள்ள முடிக்கிற கதை. "துப்பை முன்னாடியே காட்டலை"ங்கிறது இங்க பொருத்தமான புகார் இல்லை. "ரெண்டு தடமும் சேர்ந்த இடம் ஒட்டாம இருந்தது"ங்கிறது பொருத்தமான புகார். பார்த்தீங்களா, ரெண்டையும் நாம "க்ரைம்"னு ஒரே அலமாரியில வைக்கிறோம். ஆனா கேட்க வேண்டிய கேள்வி வேற வேற.

இன்னும் சிக்கலான கேஸ் சுஜாதாவோட "கொலையுதிர் காலம்". கணேஷ், வசந்த் வர்ற கதை. நடக்கிறது பேயோட வேலையா, விஞ்ஞானத்தை வச்சு யாரோ செய்யறாங்களான்னு கதை முழுக்க ஊசலாடும். ஸ்வெட்டான் டோடரோவ்னு ஒரு இலக்கியக் கோட்பாட்டாளர் 1970-ல வந்த தன்னோட புத்தகத்துல இந்த ஊசலாட்டத்தையே ஒரு தனி வகைமைக்கு அடையாளமா வச்சார். இயற்கையான விளக்கமா, அமானுஷ்யமான்னு தீர்மானிக்க முடியாம வாசகர் தயங்கற அந்த நேரம்தான் அந்த வகை, எந்தப் பக்கம் சாய்ஞ்சாலும் கதை வேற வகைக்குள்ள போயிடும்னு அவர் வாதம். இந்த நாவலைத் துப்பறியும் கதைன்னு எடுத்தவங்க முடிவைப் பத்தி ஒரு மாதிரி பேசுவாங்க, பேய்க்கதைன்னு எடுத்தவங்க வேற மாதிரி பேசுவாங்க. நான் கேட்கிறது வேற: அந்தத் தயக்கம் கடைசி வரைக்கும் தாங்குச்சா? தாங்குச்சுன்னுதான் சொல்வேன். நடுவுல சில இடத்துல விஞ்ஞான விளக்கம் கொஞ்சம் வகுப்பெடுக்கிற மாதிரி இருக்கு, ஆனா அதுக்காகப் பக்கத்தைத் தள்ளிவிட மாட்டீங்க.

"பொன்னியின் செல்வன்" இன்னொரு நல்ல உதாரணம். அதுல வர்ற எதிர்மறை விமர்சனங்களைப் படிச்சா மூணு விதமான ஆட்கள் தெரிவாங்க. வரலாறுன்னு நினைச்சு வந்தவர், நந்தினி கற்பனைப் பாத்திரம்னு தெரிஞ்சதும் ஏமாந்து போறார். மர்மக் கதைன்னு வந்தவர், ஆதித்த கரிகாலன் கொலைக்கு இவர்தான்னு ஒரு ஆளை உறுதியா நிறுத்தலையேன்னு கேட்கிறார். நாவல்னு ஒரே மூச்சுல படிக்க வந்தவர், சொன்னதையே எத்தனை தடவை சொல்றார்னு சலிச்சுக்கிறார். மூணு பேர் சொல்றதும் உண்மை. ஆனா கல்கி எழுதினது வரலாற்றுப் பின்னணியில ஒரு சாகசத் தொடர்கதை. 1950-ல இருந்து 1954 வரைக்கும் "கல்கி" வார இதழ்ல வாராவாரம் வந்தது. போன வாரம் இதழ் கிடைக்காதவருக்கும் கதை புரியணும், இந்த வாரம் படிச்சவர் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கணும். திரும்பச் சொல்றதும், அத்தியாயக் கடைசியில கொக்கி போடறதும் அதனால வந்தது. அந்தக் கொலையைப் பத்திப் பேசற உடையார்குடிக் கல்வெட்டுல ரவிதாசன் பேர் இருக்கு, அதைச் சுத்தி நாவலாசிரியர் என்ன கட்டினார்னு பார்க்கிறதுதான் அங்க சுவாரசியம். ஏறக்குறைய மூணரை வருஷத் தொடரை ஒரு வாரத்துல படிக்கிற நமக்கு அது நீளமாத் தெரியறதுல ஆச்சரியம் இல்லை. விமர்சனத்துல "ஒரு நாளைக்கு ரெண்டு அத்தியாயமாப் படிங்க"ன்னு ஒரு வரி சேர்த்தா, 3 ஸ்டாரை விட அது உதவும்.

இங்க ஒரு எச்சரிக்கை. ஜானரோட வாக்கைப் பார்க்கணும்னு சொல்றதால, அந்த வாக்கு எப்பவும் நியாயமானதுன்னு அர்த்தம் இல்லை. குடும்ப நாவல், காதல் நாவல் எடுத்துக்கோங்க. "முடிவு முன்னாடியே தெரிஞ்சுடுச்சு"ங்கிறது அங்க விமர்சனமே இல்லை. ரெண்டு பேரும் சேருவாங்கன்னு தெரிஞ்சுதான் வாங்கறாங்க. நடுவுல வர்ற தடை நம்பும்படியா இருக்கான்னு பார்க்கணும். ஆனா நாயகன் நாயகியை அறைஞ்சு, அதையே அன்புன்னு காட்டி, கடைசியில சேர்த்து வைக்கிற கதையும் அந்த வாக்கைக் காப்பாத்தினதுதான். அங்க வாக்கையே கேள்வி கேட்கணும், ஆனா எதைக் கேட்கிறோம்னு தெளிவாச் சொல்லிட்டுக் கேட்கணும். "எழுத்து விறுவிறுப்பா இருக்கு, ஆனா அடிக்கிறதைக் காதல்னு விக்குது"ன்னு எழுதறது ஒரு விமர்சனம். "குப்பை"ன்னு ஒத்தை வார்த்தையில எழுதறதை வச்சு யாராலயும் எதையும் முடிவு பண்ண முடியாது.

கதையை எவ்வளவு சொல்லலாம்கிறதும் ஜானரைப் பொறுத்தது. அசோகமித்திரனோட "தண்ணீர்" நாவல்ல ஜமுனான்னு ஒரு பெண், சாயான்னு அவ தங்கை, தண்ணீர்ப் பஞ்சத்துல தவிக்கிற சென்னைத் தெரு. இதை விட இன்னும் நிறைய நான் சொன்னாலும் உங்களுக்கு எதுவும் கெட்டுப் போகாது. அங்க என்ன நடக்குதுங்கிறதை விட, குழாயடியில குடத்தோட காத்திருக்கிற ஒரு தெரு எப்படி மனுஷங்களை மாத்துதுங்கிறதுதான் விஷயம். க்ரைம் நாவல்ல ஒரு பேரைச் சொன்னாலே மொத்தமும் போச்சு.

இப்ப தேடற பக்கத்துக்கு வரலாம். புது ஜானருக்குள்ள நுழைய எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி, டீபக் பண்ற மாதிரி ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தறது. ஜானரை மாத்தறீங்களா, எழுத்தாளரை மாத்தாதீங்க. இதுக்கு சுஜாதாவை விட வசதியான ஆள் கிடைக்க மாட்டார். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல இன்ஜினியரா இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர வேலையில பங்கு வகிச்சவர். "என் இனிய இயந்திரா"ல ஜீனோன்னு ஒரு ரோபோ நாய், அது விஞ்ஞானக் கதை. "ரத்தம் ஒரே நிறம்" 1857 கிளர்ச்சி காலத்து வரலாற்று நாவல். "ஸ்ரீரங்கத்து தேவதைகள்" பால்ய கால ஊர்க் கதைகள். மொழி பழகினதா இருக்கும், உலகம் மட்டும் மாறும். மூணுல எது உங்களைப் பிடிச்சு இழுக்குதோ, அந்த ஜானர்ல அடுத்த எழுத்தாளருக்குப் போங்க. அப்ப எழுத்தாளர் மட்டும்தான் மாறுவார்.

இன்னொரு வழி, நம்பிக்கையான ஒரு வாசகரைப் பிடிக்கிறது. அவர் ரசனை உங்க ரசனையா இருக்கணும்னு இல்லை. அவர் திட்டற காரணத்தைப் படிச்சாலே "அப்ப இது எனக்குப் பிடிக்குமே"ன்னு உங்களுக்குத் தெரிஞ்சா போதும். க.நா.சு. தமிழ்ல இந்த வேலையைப் பெரிசா செஞ்சவர். "படித்திருக்கிறீர்களா?"ன்னு தலைப்பு வச்சே புத்தகங்களை அறிமுகம் செஞ்சார். பட்டியல் போடறவர்னு கேலியும் வாங்கினார். அந்தப் பட்டியல்களோட சண்டை போட்டவங்களும் அதுல இருந்த புத்தகங்களைப் பேசிக்கிட்டுதான் இருந்தாங்க.

எங்க வாங்கறது, எங்க இரவல் வாங்கறதுன்னு தனியா ஒரு எபிசோட் போடணும். இப்போதைக்கு, ஜனவரியில சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போறவங்க பெரிய ஸ்டாலை மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க. பழைய புத்தகக் கடையில வார இதழ்ல இருந்து கிழிச்சு பைண்ட் பண்ணின தொடர்கதைத் தொகுப்பு கண்ணுல பட்டா விடாதீங்க, படங்களோட அப்படியே இருக்கும்.

நீங்க எழுதறதுக்கு 3 வாக்கியம் போதும். புத்தகம் என்ன தர்றேன்னு சொல்லுச்சு, அதை எந்த இடத்துல தந்துச்சு, எந்த இடத்துல விட்டுச்சு, யார் இதைப் படிக்கலாம். ஸ்டார் போடணும்னா அதுக்கப்புறம் போடுங்க. தமிழ்லயே எழுதுங்க, தலைப்பையும் ஆசிரியர் பேரையும் தமிழ் எழுத்துலயும் ஆங்கில எழுத்துலயும் சேர்த்து எழுதுங்க, எப்படித் தேடறவருக்கும் கிடைக்கும்.

அடுத்த எபிசோட்ல "தண்ணீர்" நாவலை எடுத்துப் பேசப் போறோம். சின்னப் புத்தகம்தான், ஒரு ஞாயித்துக்கிழமை போதும். படிச்சிட்டு உங்க 3 வாக்கியத்தை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அதுல இருந்தே ஆரம்பிக்கிறோம்.