சுண்ணாம்புக்கல் நாட்டில் குதிரைத்திறன்

எஞ்சினின் குதிரைத்திறனை எரிபொருளே தீர்மானிக்கிறது என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டியிருப்பதால், அதன் எல்லையை வகுப்பது உள்ளே புகும் காற்றே ஆகும். 796 சி.சி. கொள்ளளவுள்ள மாருதி 800 எஞ்சின், நிமிடத்துக்கு 6,000 சுற்று வேகத்தில், இரு சுற்றுக்கு ஒருமுறை முழுக்கொள்ளளவும் நிரம்புவதாகக் கொண்டால், நிமிடத்தில் ஏறத்தாழ 2,400 லிட்டர் காற்றை இழுக்க வேண்டும். குழாய் வளைவுகளும் வால்வுகளின் குறுகிய வாயும் தடுப்பதால் நடைமுறையில் அது அந்த அளவுக்கு நிரம்புவதில்லை.

இதே எஞ்சினைக் கொண்டு கோவை எஸ். கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி முதலாகப் பந்தயக் கார்களில் நடைபெறும் மெருகேற்றம் பெரும்பாலும் இக்குறையை ஈடுசெய்யும் முயற்சியே. சிலிண்டர் ஹெட்டிலுள்ள காற்றுவழிகளைக் குடைந்து சீராக்குவர். வால்வுகள் எப்போது, எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை முட்டைவடிவ மேடுகளால் தீர்மானிக்கும் கேம்ஷாஃப்டை மாற்றி, திறப்பு நேரத்தை நீட்டுவர். இதனால் உயர்வேகத்தில் திறன் கூடுமெனினும் குறைவேக இழுவை தளர்ந்துவிடுவதால், பேருந்து நிலையத்தருகே ஊர்ந்து செல்ல வேண்டிய காருக்கு அது தொல்லையாகவே முடியும்.

காற்றைத் தானாக வரவிடாமல் அழுத்தித் திணிப்பது மற்றொரு வழி. ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஷி 1905இல் காப்புரிமை பெற்ற இம்முறையில், புகைப்போக்கி வழியே வீணாகும் வாயு ஒரு விசிறியைச் சுழற்ற, அதே தண்டிலுள்ள மற்றொரு விசிறி காற்றை எஞ்சினுக்குள் அழுத்துகிறது. அழுத்தத்தால் சூடேறி அடர்த்தி குறையும் காற்றை இன்டர்கூலர் குளிர்விக்கிறது. அரியலூர்ச் சுரங்கங்களிலிருந்து சிமெண்ட் ஆலைகளுக்குக் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரிகளின் டீசல் எஞ்சின்களிலும் டர்போ எனப்படும் இந்த இரட்டை விசிறிக் கருவி உண்டு. பெட்ரோல் எஞ்சினில் அளவு மீறித் திணித்தால், கலவை உரிய நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்கும்.

பெரம்பலூர், அரியலூர்ச் சாலைகளில் புழுதி எழும் இடங்களில் முதலில் கவனிக்க வேண்டியது ஏர் ஃபில்டரே. காற்று தடையின்றிப் பாய வேண்டுமெனக் காகித ஃபில்டரை நீக்கித் திறந்த ஃபில்டர் பொருத்துவோர் உண்டு. ஆனால் நுண்துகள்களைத் தடுக்கும் ஆற்றல் அதில் குறைந்திருந்தால், உட்புகும் தூசி எண்ணெயோடு கலந்து உப்புத்தாள்போலச் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்க்க, அழுத்தம் கசிந்து, கூட்டிய திறனுக்கு மேலாகவே குறைந்துவிடும். இப்பகுதியில் ஓடும் காருக்கு, அடைபட்ட காகித ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுவதே மிகக் குறைந்த செலவில் இழந்த திறனை மீட்கும் வழியாகும்.