40 வயதுக்குள் மாதவிலக்கு நின்று விட்டதா? பெண்களே, அலட்சியம் வேண்டாம்!

குந்தாரப்பள்ளி:

'விலக்கு நின்னு போச்சு, இனி தொல்லை விட்டுச்சு' என்று நிம்மதி அடையும் பெண்கள் நம்ம பக்கம் உண்டு. ஆனால் 40 வயதுக்கு முன்பே நின்றால் அது நிம்மதி அல்ல, எச்சரிக்கை!

பெண் குழந்தை பிறக்கும்போதே சினைப்பையில் 10 லட்சத்துக்கு மேல் கருமுட்டைகள் இருக்கும். அதன்பிறகு குறையுமே தவிர கூடாது. இந்திய பெண்களுக்கு சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. நூற்றில் ஒருவருக்காவது 40-க்குள் நின்று விடுகிறது. பரம்பரை, புற்றுநோய் சிகிச்சை, சினைப்பை ஆபரேஷன் ஆகியவை காரணமாகலாம். பலருக்கு காரணமே தெரிவதில்லை.

சினைப்பை ஓய்ந்தால் 'ஈஸ்ட்ரோஜன்' ஹார்மோன் குறையும். உடம்பு திடீரென தகிக்கும், தூக்கம் கெடும். நாளடைவில் எலும்பு பலவீனமாகும், இதய நோய் அபாயமும் கூடும்.

கர்ப்பம் இல்லாமல் 4 மாதம் விலக்கு தள்ளிப்போனால் 'எப்.எஸ்.எச்.' ரத்த பரிசோதனை அவசியம். ஓய்ந்த சினைப்பையை மீண்டும் இளமையாக்க நிரூபணமான மருந்து கிடையாது. ஆனால் குறைந்த ஹார்மோனை மாத்திரையாக 50 வயது வரை கொடுப்பார்கள். மார்பக புற்றுநோய் வந்தவர்களுக்கு பொதுவாக இது ஆகாது. கால்சியம் உணவு, தினசரி நடை எலும்பை காக்கும். குழந்தை வேண்டுவோருக்கு தான கருமுட்டை சிகிச்சை உண்டு. 2021-ம் ஆண்டு சட்டப்படி, 50 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கே அனுமதி.

போலுப்பள்ளியில் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. கூச்சப்படாமல் மகளிர் டாக்டரை பாருங்க!